எந்த வேலைக்கு எந்தக் கேள்வி?

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார், இளைஞர்களுக்காக நடத்தப்பட்ட தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "இளைஞர்களும் வேலைவாய்ப்பும்". இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக "படியுங்கள், நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். அதை நீங்களே உங்கள் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறீர்கள். அதற்கு நான் தேவையில்லை. படித்து முடித்த பிள்ளை வேலை கேட்டுப் போகும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பேசுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோழர் தன் மகளைச் சங்கக் காரியாலயத்துக்குக் கூட்டிவந்தார். பெயர் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை வர்த்தகப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தவள். ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போனால், முதலில் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்களாம். நுண்ணறிவுப் பரீட்சை. எல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் மணிக்கூடு. எண் வரிசையில் அடுத்தது என்ன, நாலு படத்தில் பொருந்தாத படம் எது, இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன என்ற மாதிரிக் கேள்விகள். பாதிகூட முடிக்கவில்லை, தாளைப் பிடுங்கிவிட்டார்கள். நேர்முகம் நடக்கவே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஐயா, எனக்கு மூளை பத்தாதாம்."

நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்: அந்த வேலை என்ன வேலையம்மா? லொறியில் வரும் பெட்டிகளை எண்ணி எடுப்பது, புத்தகத்தில் பதிவது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, மாத முடிவில் இருப்பைச் சரிபார்ப்பது. சரி, நீ இப்போது வீட்டில் என்ன செய்கிறாய்? தகப்பன் பதில் சொன்னார்: தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் மூன்று வருடமாக அவள் கையில்தான். ஒரு சதம் பிசகியதில்லை.

அப்போதுதான் எனக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு ஞாபகம் வந்தது. பழைய வழக்கு. தொழிலாளர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு. அந்தப் பிள்ளையிடம் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா என்று ஒரு மாநிலம். அங்கே டான் ரிவர் என்ற இடத்தில் டியூக் பவர் கம்பனியின் மின் நிலையம். நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிற இடம். மொத்தம் 95 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் 14 பேர். உள்ளே ஐந்து பிரிவுகள்: கூலிப் பிரிவு, நிலக்கரி கையாளும் பிரிவு, இயந்திரங்களை இயக்கும் பிரிவு, பராமரிப்புப் பிரிவு, ஆய்வுகூடம். அந்த 14 பேரும் கூலிப் பிரிவில்தான். கூட்டுவது, துடைப்பது, சுமப்பது. மற்றப் பிரிவுகளில் ஒரு கறுப்பர்கூட இல்லை. கூலிப் பிரிவில் ஆகக் கூடிய சம்பளம் வாங்குகிறவருக்கும், மற்றப் பிரிவுகளில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவரைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. எத்தனை வருடம் உழைத்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. நம் தாத்தா பாட்டிமார் காலத்தில் துரை யார், கணக்கப்பிள்ளை யார், கொழுந்து எடுக்கிறவர் யார் என்பது பிறக்கும்போதே எழுதியிருந்த மாதிரி.

1955இல் கம்பனி ஒரு விதி போட்டது. கூலிப் பிரிவைத் தவிர வேறு பிரிவில் சேர வேண்டுமென்றால் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் வேண்டும். நிலக்கரிப் பிரிவில் இருந்து உள்ளே போகவும் அதே விதி. சரி, கல்வித் தகைமை கேட்பதில் என்ன பிழை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பொறுங்கள். விதி வருவதற்கு முன்பே சான்றிதழ் இல்லாமல் உள்ளே சேர்ந்த வெள்ளையர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் வெளியே போடவில்லை. அவர்கள் வேலையை நன்றாகவே செய்தார்கள், பதவியுயர்வும் பெற்றார்கள். அப்படியானால் அந்த வேலைக்கு அந்தச் சான்றிதழ் உண்மையிலேயே தேவையா?

இப்போது 1964க்கு வருவோம். அமெரிக்கப் பாராளுமன்றம் சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நிறம், இனம் பார்த்து வேலை கொடுப்பது குற்றம். வேலைவாய்ப்பு பற்றிய பகுதி நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. "கறுப்பர் கூலிப் பிரிவுக்கு மட்டும்" என்ற பழைய வழக்கத்தைக் கம்பனி அன்றோடு விட்டுவிட்டது. விட்டுவிட்டு அதே நாளில் வேறொன்றைக் கொண்டுவந்தது. புதிதாகச் சேருகிறவர் கூலிப் பிரிவைத் தவிர வேறெங்கு போவதானாலும் சான்றிதழும் வேண்டும், இரண்டு பரீட்சைகளிலும் சித்தியடைய வேண்டும்.

அந்த இரண்டில் ஒன்றின் பெயர் வொண்டர்லிக். பொதுவான நுண்ணறிவை அளப்பதாகச் சொல்லப்படும் பரீட்சை. 12 நிமிடம், 50 கேள்வி. கணக்குப் பாருங்கள், ஒரு கேள்விக்குக் கால் நிமிடத்துக்கும் குறைவு. மற்றது பெனட் பரீட்சை. கப்பி, பற்சக்கரம், நெம்புகோல் படங்களைக் காட்டி எது எப்படி அசையும் என்று கேட்பது. செப்டெம்பரில், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு "சலுகை" வந்தது: சான்றிதழ் இல்லாதவர்களும் இந்த இரண்டு பரீட்சையிலும் சித்தியடைந்தால் மேலே போகலாம். வெட்டுப்புள்ளியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? நாடு முழுவதும் உயர்நிலைப் பாடசாலை முடித்தவர்கள் எடுக்கும் நடுப்புள்ளியில். அப்படியென்றால், அந்தச் சான்றிதழை முறைப்படி வாங்கியவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் தோற்றுப்போகும் உயரம்.

யார் தோற்பார்கள் என்று தெரியாமலா? 1960ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வட கரோலினாவில் உயர்நிலைப் பாடசாலை முடித்த வெள்ளை ஆண்கள் நூற்றுக்கு 34 பேர். கறுப்பின ஆண்கள் நூற்றுக்கு 12 பேர். இது மூளையின் கணக்கா, பாடசாலையின் கணக்கா? அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை, வெள்ளைப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை. எதற்குக் காசு போனது, எதற்குப் போகவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஓர் அறை, ஒரே ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்று தோட்டப் பாடசாலையில் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். நம்முடைய தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான்.

அந்த 14 பேரில் 13 பேர் வழக்குப் போட்டார்கள். முதலாவது பெயர் வில்லி கிரிக்ஸ். அதனால் அது கிரிக்ஸ் வழக்கு. 1966 மார்ச்சில் அவர்கள் அரசாங்க ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, ஓகஸ்ட்டில், கம்பனி வரலாற்றிலேயே முதல் தடவையாக அங்கே ஒரு கறுப்பின ஊழியர் கூலிப் பிரிவில் இருந்து மேலே எடுக்கப்பட்டார். முறைப்பாட்டுக் கடிதத்துக்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

கம்பனி என்ன சொன்னது? "எல்லோருக்கும் ஒரே பரீட்சை. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று நாங்கள் வைக்கவில்லை. எங்களுக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. படிக்க விரும்பும் ஊழியருக்குப் படிப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை நாங்களே கொடுக்கிறோம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கீழ் நீதிமன்றங்களும், கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, பரீட்சையைப் பிழை என்று சொல்ல மறுத்துவிட்டன.

1971 மார்ச் 8ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எட்டு நீதியரசர்கள், எட்டுப் பேரும் ஒரே முடிவு. தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் வொரன் பேர்கர். அவரை யாரும் இடதுசாரி என்று சொன்னதில்லை, பழமைவாதி என்றே பெயர் எடுத்தவர். அவர் அந்தத் தீர்ப்பில் என்ன கதையை எடுத்துக் காட்டினார் தெரியுமா? நம் பிள்ளைகள் சின்ன வகுப்பில் படிக்கும் நரியும் கொக்கும் கதை. விருந்துக்குக் கூப்பிட்டுத் தட்டையான தட்டில் ஊற்றி வைத்தால் கொக்கு என்ன செய்யும்? "இரண்டு பேருக்கும் ஒரே அளவுதானே ஊற்றினேன்" என்று நரி சொல்லலாம். குடிக்கக்கூடிய பாத்திரத்தில் கொடுத்தால்தான் கொடுத்ததாகக் கணக்கு என்றது நீதிமன்றம்.

தீர்ப்பின் சாரத்தை எளிமையாகச் சொல்கிறேன். எண்ணம் நல்லதா கெட்டதா என்பது மட்டும் கேள்வி அல்ல, விளைவு என்ன என்பதும் கேள்வி. ஒரு பரீட்சை ஒரு கூட்டத்தாரைக் கூட்டமாக வெளியே தள்ளுகிறது என்றால், அந்தப் பரீட்சைக்கும் அந்த வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ஆளைப் பொதுவாக அளக்காதே, அந்த வேலைக்கு ஆள் சரியா என்று அள. டியூக் பவர் கம்பனியால் அந்தத் தொடர்பைக் காட்ட முடியவில்லை. அந்த வேலைகளை இந்தப் பரீட்சை அளக்கிறதா என்று அவர்கள் பார்த்ததே இல்லை. பொதுவாக ஊழியர் தரம் உயரும் என்று நினைத்தோம் என்பதுதான் அவர்கள் சாட்சியம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரீட்சையே கூடாது என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பரீட்சை இல்லாவிட்டால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும்: சிபாரிசுக் கடிதம் வரும், "நம்ம ஆள்" வரும், அமைச்சரின் துண்டு வரும். அதில் நாம் எப்போதும் கடைசி வரிசை. அரச சேவைப் போட்டிப் பரீட்சைகளைத் தமிழில் எழுதி, புள்ளியைக் காட்டி உத்தியோகத்துக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒழுங்கான பரீட்சை நமக்குக் கவசம். அதனால்தான் ஒழுங்கில்லாத பரீட்சையைக் கண்டால் நாம் கூடுதலாகச் சத்தம் போட வேண்டும்.

இந்த நுண்ணறிவு அளக்கும் வேலை எங்கே தொடங்கியது? பிரான்சில், 1905இல். அல்பிரட் பினே என்பவர் செய்தது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கு விசேட உதவி செய்வதுதான் அவர் நோக்கம். பிறவியிலேயே இவ்வளவுதான் என்று முத்திரை குத்துவதற்கு அவர் அதைச் செய்யவில்லை. கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனதும் அந்தக் கருவி ஆளே மாறிவிட்டது. முதலாம் உலக யுத்தத்தில், 1917 முதல், சுமார் 17 இலட்சம் படைவீரர்களை அமெரிக்க இராணுவம் இப்படிப் பரீட்சித்தது. ஒரு கேள்வி: "கிரிஸ்கோ என்பது என்ன? மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா?" கிரிஸ்கோ என்பது அந்த ஊர்க் கடையில் விற்கும் ஒருவகைச் சமையல் கொழுப்பு. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படப் பரீட்சை வைத்தார்கள். படத்தில் என்ன குறைகிறது என்று சொல்ல வேண்டும். ஒரு படத்தில் டெனிஸ் மைதானம், நடுவில் வலை இல்லை. இத்தாலியில் இருந்தோ போலந்தில் இருந்தோ கப்பல் ஏறி வந்த ஏழைக் குடியானவன் எங்கே டெனிஸைக் கண்டான்?

நானும் ஒரு நுண்ணறிவுப் பரீட்சை வைக்கிறேன். கவ்வாத்து என்றால் என்ன? அரைப்பேர் என்றால் எவ்வளவு வேலைக்கு எவ்வளவு காசு? கைக்காசு என்றால் என்ன? பிரட்டுக்களத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கும் மனேஜரைக் கூப்பிட்டு இதை எழுதச் சொல்லுங்கள். பூச்சியம் எடுப்பார். அதற்காக அவரை மூளை இல்லாதவர் என்று நாம் சொல்வோமா? (சிரிப்பு)

அந்த இராணுவப் பரீட்சை முடிவுகளை வைத்து, தெற்கு, கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று 1923இல் கார்ல் பிரிகம் என்ற பேராசிரியர் ஒரு புத்தகமே எழுதினார். ஏழு வருடம் கழித்து, 1930இல், தன் முடிவுகள் ஆதாரமற்றவை என்று அவரே எழுதி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது பெரிய மனம்தான். ஆனால் முத்திரை குத்துப்பட்டவர்களின் வீட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா?

நம் நாட்டிலும் இதற்கு ஓர் அத்தாட்சி கண்முன்னே இருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. அதிலும் நுண்ணறிவுக் கேள்விகள் உண்டு. அது பிறவி மூளையை அளக்கிறது என்றால், டவுனில் அதற்கு ஏன் இத்தனை டியூசன் வகுப்பு? பயிற்சிப் புத்தகம் ஏன் கடை கடையாக விற்கிறது? காசு கட்டிப் பழகினால் கூடுகிற புள்ளி அது. டியூசனுக்குக் கட்ட முடிந்தவன் பிள்ளைக்குக் கூடும்.

வேடிக்கையான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவர் பொலிஸ் வேலைக்கு விண்ணப்பித்து இதே வொண்டர்லிக் பரீட்சையை எழுதினார். 33 புள்ளி எடுத்தார். எடுக்கவில்லை. ஏன்? புள்ளி கூடிவிட்டதாம்! 20க்கும் 27க்கும் இடையில் எடுத்தவர்களைத்தான் கூப்பிட்டார்கள். கெட்டிக்காரர்களுக்கு அந்த வேலை சலித்துவிடும், பயிற்சி கொடுத்த செலவு வீண் என்பது அவர்கள் கணக்கு. அவர் நீதிமன்றம் போய்த் தோற்றார். அப்படியென்றால் குறைந்தாலும் வெளியே, கூடினாலும் வெளியே. வெட்டுப்புள்ளி ஆண்டவன் போட்ட கோடு அல்ல, ஆள் எடுக்கிறவன் போட்ட கோடு.

கிரிக்ஸ் வழக்கில் வென்றதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 1989இல் அதே அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பை முறித்தது. அந்த வழக்கு அலாஸ்காவில் மீன் ரின்னில் அடைக்கும் ஆலைத் தொழிலாளருடையது. பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரரும் அலாஸ்காப் பழங்குடிகளும். அவர்களுக்கு மீன் வெட்டும் வேலை, வெள்ளையருக்கு நல்ல சம்பள வேலை. தங்கும் இடம் வேறு, சாப்பிடும் இடம் வேறு. தொடர்பை முதலாளி நிரூபிக்க வேண்டும் என்பதை மாற்றி, தொழிலாளியே எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பு. மாறுபட்ட நீதியரசர்களில் ஒருவரான ஜோன் போல் ஸ்டீவன்ஸ் என்ன எழுதினார் தெரியுமா? இந்த ஆலைகளில் வீட்டையும் சாப்பாட்டையும் வேலையையும் இனம் பார்த்துப் பிரித்திருப்பது பெருந்தோட்டப் பொருளாதாரத்தை நினைவூட்டுகிறது என்று எழுதினார். பெருந்தோட்டம் என்ற சொல்லுக்கு உலகத்தில் என்ன பொருள் என்பதை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். லயத்தில் பிறந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1991இல் அவர்கள் பாராளுமன்றம் புதுச் சட்டம் போட்டு நிரூபிக்கும் சுமையை மறுபடியும் முதலாளியின் தோளில் வைத்தது. ஆனால் அந்தச் சட்டம் அந்த மீன் ஆலை வழக்குக்கு மட்டும் பொருந்தாதபடி ஒரு சிறிய வாசகத்தை உள்ளே சொருகிவிட்டார்கள். யாருடைய வழக்கால் சட்டம் வந்ததோ அவர்களுக்கே அது இல்லை. சட்டமூலத்தின் கடைசிப் பக்கம் வரை வாசிக்க ஆள் வேண்டும் என்று நான் இளைஞர்களிடம் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

இனி நம் கையில் என்ன இருக்கிறது? நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றால் பாரபட்சம் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு என்பது அரச நிருவாகத்தின் செயலுக்கு எதிராகத்தான். தனியார் கம்பனிக்கு எதிராக அந்தக் கதவு இலேசில் திறக்காது. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. இன்னொன்று, சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயம். 1958இல் வந்தது, இலங்கை 1998இல் ஏற்று உறுதிசெய்தது. பாரபட்சம் என்றால் என்ன என்று அது சொல்லும்போது, சமத்துவத்தைக் கெடுக்கும் விளைவு உடைய எந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. விளைவு என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சமூகப் பூர்வீகமும் அதில் இருக்கிறது. ஆனால் வேலைக்கு உள்ளபடியே தேவையான தகைமையைக் கேட்பது பாரபட்சம் ஆகாது என்றும் அதே சமவாயம் சொல்கிறது. அதுவும் நியாயம்தான். லொறி ஓட்ட லைசன் கேட்டால் நாம் சண்டை பிடிக்க முடியாது.

ஆகவே பேச்சுவார்த்தை மேசைதான் நமது முதல் இடம். வெளிக்கள உத்தியோகத்தர், தொழிற்சாலை உத்தியோகத்தர், லிகிதர் என்று தோட்டத்தில் வெற்றிடம் வந்து, பரீட்சை என்று அறிவித்தால் தலைவர்மார் கேட்க வேண்டியது இது: இந்த ஆள் காலையில் இருந்து மாலை வரை என்ன வேலை செய்வார்? தாளில் உள்ள எந்தக் கேள்வி அந்த வேலையைத் தொடுகிறது? தமிழில் தாள் உண்டா? ஆங்கிலம் தேவையான வேலை என்றால் ஆங்கிலத்தை நேராகப் பரீட்சியுங்கள், நுண்ணறிவு என்ற பெயரில் ஒளித்து வைக்காதீர்கள். இப்போது அந்தக் கதிரையில் இருப்பவர் இந்தத் தாளை எழுதினாரா? எத்தனை பேர் எழுதினார்கள், நம் பிள்ளைகள் எத்தனை பேர், சித்தி எத்தனை? இந்தக் கடைசி எண்ணிக்கையைக் கொடுக்க மாட்டார்கள். அதை நாமே எழுதி வைக்க வேண்டும். கிரிக்ஸ் வழக்கிலும் எண்ணிக்கைதான் பேசியது. இதே வகைப் பரீட்சைகளை வைத்த வேறோர் இடத்தில் வெள்ளையரில் நூற்றுக்கு 58 பேர் சித்தியடைந்தார்கள், கறுப்பரில் நூற்றுக்கு 6 பேர்தான் என்ற கணக்கு ஆணைக்குழுவிடம் இருந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் வெறும் மனக்குறை என்று தள்ளியிருப்பார்கள்.

அந்தத் தோழரின் மகள் விசயத்தில், அந்தக் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். வேலை விபரத்தையும் வினாத்தாளையும் பக்கத்தில் வைத்து, எது எதற்கு என்று கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை. நாம் அங்கே அங்கத்துவம் உள்ள சங்கமும் இல்லை, பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று நினைத்திருக்கலாம். இரண்டாவது கடிதம் தயார். முதல் கடிதத்தை நான் எழுதினேன். இதை அந்தப் பிள்ளையே எழுதினாள், தமிழிலும் ஆங்கிலத்திலும். என்னுடையதைவிடத் தெளிவாக இருக்கிறது. நாளைக்குப் பதிவுத் தபாலில் போகிறது.

உங்கள் தோட்டத்தில் கடந்த இரண்டு வருடத்துக்குள் இப்படித் தாள் எழுதித் திரும்பி வந்த பிள்ளைகள் இருந்தால், என்ன வேலை, எந்த மொழி, எத்தனை பேர் எழுதினார்கள் என்ற விபரத்தை ஒரு கடதாசியில் எழுதி, அடுத்த மாதம் சந்தாப் பட்டியலோடு காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். பெயர் வெளியே போகாது. சரி, பின்வரிசையில் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும் அக்கா முதலில் கேட்கட்டும்.